அன்னமிடும் கைக்குச் செவியும் வேண்டும்

சோறு போடுவதே தலையாய அறம் என்று நம்பி வளர்ந்த ஒருத்தி, ஒரு குழந்தையின் தட்டைப் பார்த்து “இது போதும்” என்று சொல்லலாமா? அப்படிச் சொன்னால் அது அறமா, அறத்துக்கு விரோதமா? சில காலமாக என் மனத்தில் இந்தக் கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

நான் வடலூருக்குப் பக்கத்து ஊர்க்காரி. அரசுப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். பிள்ளைகள் என்னைச் ‘சத்துணவு டீச்சர்’ என்பார்கள். வள்ளலார் 1867 வைகாசியில் சத்திய தருமச் சாலையில் மூட்டிய அடுப்பு இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அறம் என்றால் என்னவென்று யாரும் புத்தகம் வைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. சாலைக்குக் கூட்டிப்போய்ப் பந்தியில் உட்காரவைத்தால் போதும். வருகிறவரின் சாதியோ ஊரோ அங்கே யாருக்கும் வேண்டாம். பசி ஒன்றுதான் கணக்கு. அந்தப் பாடத்தில் எனக்கு அன்றும் ஐயமில்லை, இன்றும் ஐயமில்லை.

இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்கு ஒன்பது வயது. பள்ளியில் உயரமும் எடையும் பார்த்து அனுப்பிய அட்டையில், வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய எடை என்று குறித்திருந்தார்கள். அவன் வகுப்பில் இன்னும் பலருக்கும் அப்படித்தான் வந்திருக்கிறது என்று மகள் சொன்னாள். “ஆயா, என் அட்டையில ஏன் சிவப்பு மையில எழுதியிருக்கு?” என்று அவன் கேட்டான். பிள்ளைகளின் எடை ஏறாதா என்று ஏங்கிய காலத்து ஆள் நான். அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடித்தான் குறளையும் திருமந்திரத்தையும் வள்ளலாரின் உரைநடையையும் மறுபடி எடுத்துப் படித்தேன்.

எங்கள் தலைமுறைக்குப் பசி எவ்வளவு அருகில் இருந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வராததற்குக் காரணம் பசிதான் என்று கண்டு காமராஜர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். பிறகு முட்டை வந்தது, முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம் வந்தது, சுண்டல் வந்தது. 2022இல் காலை உணவும் வந்தது. தொடக்கப்பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்று அளந்து கொடுத்துவிட்டு, இருப்புப் பதிவேட்டில் கணக்கெழுதுவேன். வெள்ளிக்கிழமை மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டு வரிசையில் நிற்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சனி, ஞாயிறு வீட்டில் என்ன இருக்குமோ என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் காலத்தில் ஒரு குழந்தையின் கன்னம் சற்று உப்பினால் அந்த வீட்டின் மேல் தெய்வம் கண் திறந்துவிட்டது என்று எண்ணினோம். கொழுகொழு பிள்ளைதான் ஆரோக்கியமான பிள்ளை என்ற எண்ணம் எங்கள் பஞ்சத்தில் பிறந்தது. பஞ்சம் பல வீடுகளை விட்டுப் போன பிறகும் அந்த எண்ணம் போகவில்லை.

பசியும் முற்றாகப் போய்விடவில்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். அதே கணக்கெடுப்பில் உயரத்துக்கு மீறிய எடையுள்ள பிள்ளைகள் 3.4 சதவீதம், அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் 2.1 சதவீதமாக இருந்தது. உலக அளவில் 2022இல், ஐந்து முதல் 19 வயது வரை உள்ளவர்களில் 39 கோடிக்கும் மேற்பட்டோர் மிகை எடையோடு இருந்ததாகவும், அவர்களில் 16 கோடிப் பேர் உடற்பருமன் என்னும் நிலைக்குப் போய்விட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரே நாட்டில், சில சமயம் ஒரே தெருவில், ஒரு பிள்ளை போதாமல் வாடுகிறது. இன்னொரு பிள்ளை மிகுந்து வாடுகிறது. வள்ளுவர் மருந்து அதிகாரத்தைத் தொடங்கும்போதே, மிகுந்தாலும் குறைந்தாலும் நோய்தான் என்று இரண்டையும் ஒரே தட்டில் வைத்துவிடுகிறார். குறைவுக்கு எதிராக நாம் திரண்டு வேலை செய்தோம். மிகுதியும் நோய்தான் என்பதை ஏற்க மட்டும் நமக்கு மனம் கூசுகிறது, ஏனென்றால் அது சோற்றைக் குறை சொல்வதுபோல் இருக்கிறது.

அளவாக உண்ண வேண்டும் என்று சொல்லாத சமயம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மருந்து அதிகாரத்தின் பத்துக் குறளில் ஆறு குறள் சாப்பாட்டைப் பற்றியே பேசுகின்றன. முன்பு உண்டது செரித்ததா, நன்றாகப் பசிக்கிறதா, உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா, அளவு என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்கின்றன. எங்கள் மையத்தில் சமையல் உதவியாளராக இருந்த பாய் வீட்டு அக்கா ஒன்று சொல்வார். வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு தண்ணீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்று நபிகள் நாயகம் பகுத்துக் கொடுத்திருக்கிறாராம். நோன்புக் காலத்தில் அவரே வெறும் வயிற்றோடு நின்று நூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிப்பார்.

புத்தர் கதை ஒன்றும் எனக்குப் பிடிக்கும். கோசல நாட்டு அரசன் பசேனதி வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு மூச்சிரைக்கப் புத்தரிடம் வந்து உட்கார்ந்தான். புத்தர் அவனைக் கண்டிக்கவில்லை. உணவில் அளவறிந்தவனுக்கு நோவு குறையும், ஆயுள் கூடும் என்னும் பொருளில் ஒரு சிறு பாட்டுச் சொன்னார். அரசனுக்குப் பின்னால் சுதர்சனன் என்ற இளைஞன் நின்றிருந்தான். “இதைப் பாடம் பண்ணிக்கொள், நான் சாப்பிட உட்காரும்போதெல்லாம் என் காதில் சொல்” என்று அரசன் அவனை ஏற்பாடு செய்துகொண்டான். அதற்குத் தினமும் நூறு காசு கூலி. கொஞ்சம் கொஞ்சமாகச் சோற்றின் அளவு குறைந்து, உடம்பு இலேசாகி, அரசன் புத்தரின் கருணையை நினைத்து மகிழ்ந்தான் என்று கதை முடிகிறது. நாடாளும் அரசனே தன் மனவுறுதியை மட்டும் நம்பவில்லை. பக்கத்தில் நின்று நினைவூட்ட ஓர் ஆளை வைத்துக்கொண்டான் என்பதுதான் இதில் என்னை நிறுத்திய இடம். ஒன்பது வயதுப் பிள்ளையிடமோ நாம் மனவுறுதியை எதிர்பார்க்கிறோம்.

இந்த உபதேசங்கள் எல்லாம் பெரியவர்களுக்குச் சொன்னவை. தனக்கு வேண்டியதைத் தானே தேர்ந்துகொள்ளத் தெரிந்தவரிடம்தான் அளவு என்ற ஒழுக்கத்தைக் கேட்க முடியும். குழந்தை கடைக்குப் போய் மளிகைப் பட்டியல் போடுவதில்லை. மாலை நேரத்தை எப்படிப் பங்கிடுவது என்று முடிவு செய்வதில்லை. பள்ளி வாசலில் எந்தக் கடை இருக்கலாம் என்று அதைக் கேட்டு யாரும் வைப்பதில்லை. ஆகவே பெருந்தீனி குற்றம் என்று சாத்திரம் சொன்னால், அந்தக் குற்றத்தைக் குழந்தையின் தலையில் ஏற்றக் கூடாது. அந்த அளவு குழந்தையைச் சுற்றியுள்ள நம் எல்லோருடைய கடமை. பேரனின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த முதல் பதில் இதுதான்: அந்தச் சிவப்பு மை அவனுக்காக எழுதியது இல்லை, எங்களுக்காக எழுதியது.

அப்படியானால் சோறு போடுகிறவர் எதைச் செய்ய வேண்டும்? தானங்களைப் பற்றி எங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள். நிலம் கொடுத்தாலும் பொன் கொடுத்தாலும் வாங்குகிறவர் மனம் இன்னும் கொஞ்சம் என்றுதான் கேட்கும். சோறு கொடுத்தால் மட்டும் அவரே கையை மறித்து “போதும்” என்பார். ஆகவே முழுதாக நிறைவேறும் தானம் அது ஒன்றுதான். இதைச் சிறு வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். வயதான பிறகு அதன் மறுபாதி புலப்படுகிறது. வாங்குகிறவர் “போதும்” என்று சொல்வதில்தான் அன்னதானம் முழுமை பெறுகிறது என்றால், அதைக் காதில் வாங்கிக்கொள்ளாத கை தானத்தைப் பாதியில் நிறுத்திவிட்டது. தருமச் சாலையில் பரிமாறுகிறவர்களைப் பாருங்கள். இலையின் மேல் கை குறுக்கே வந்தால் கரண்டி நின்றுவிடும். பெரியவருக்கு நாம் கொடுக்கும் இந்த மரியாதையைக் குழந்தைக்குக் கொடுப்பதில்லை.

பால் குடிக்கும் சிசுவுக்கே இந்த அறிவு உண்டு. வயிறு நிறைந்ததும் முலையை விட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். சோறு ஊட்டத் தொடங்கிய பிறகும் வாயை இறுக மூடிக்கொள்ளும், தலையை ஆட்டும், கிண்ணத்தைத் தள்ளும். அவ்வளவும் அதன் பேச்சு. நாமோ காக்கை காட்டி, பூச்சாண்டி காட்டி, இப்போது கைபேசியில் ஓடும் பொம்மைப் படத்தைக் காட்டி, அது கவனிக்காத நேரம் பார்த்து அடுத்த வாயைத் திணிக்கிறோம். கண் திரையில் இருக்கும்போது வயிறு சொல்வது பிள்ளைக்கே கேட்காது. இப்படிப் பல வருடம் பழகிய பிள்ளை, எட்டு வயதில் தன் வயிற்றின் பேச்சு மறந்து, பொட்டலம் காலியாகும்வரை சாப்பிடும். அதைப் பேராசை என்பது அநியாயம். தெய்வம் அதற்குள் வைத்து அனுப்பிய ஓர் அளவுகோலை வெளியே இருந்து மழுங்கடித்திருக்கிறோம்.

பிள்ளை கைவிட்டுக் குழப்பிய கஞ்சியைப் பெற்றவர்கள் அமுதத்தைவிட இனிதாக எண்ணுவார்கள் என்று வள்ளுவர் மக்கட்பேறு அதிகாரத்தில் சொல்கிறார். அங்கே உண்பது பிள்ளையின் கை. சிந்தும், அளையும், முகமெல்லாம் பூசிக்கொள்ளும், போதுமென்றால் எழுந்து ஓடும். அந்தக் கையை நம்பலாம் என்பதே அந்தக் குறள் எனக்குச் சொல்லும் சேதி. மிச்சம் வைத்தால் அன்னலட்சுமி கோபித்துக்கொள்வாள் என்று சொல்லி வளர்த்தவர்களுக்கு இது சங்கடமாக இருக்கலாம். அதற்கு வழி இருக்கிறது. முதலில் கொஞ்சமாக வைத்து, இன்னும் வேண்டுமா என்று கேட்டு வைத்தால் சோறும் வீணாகாது, பிள்ளையின் சொல்லும் வீணாகாது. வேண்டாத வயிற்றுக்குள் தள்ளிய சோறும் வீணான சோறுதான்.

பொட்டலத்தில் வரும் தின்பண்டங்கள் இந்தச் சொல்லை இன்னும் வேகமாக அமுக்கிவிடுகின்றன. 2019இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்பவரின் குழு நடத்திய ஓர் ஆய்வை மகள் எனக்குப் படித்துக் காட்டினாள். 20 பெரியவர்களை நிறுவனத்திலேயே தங்கவைத்து, ஆலைகளில் பலமுறை பக்குவப்படுத்திய உணவை இரண்டு வாரமும், வீட்டில் சமைப்பது போன்ற உணவை இரண்டு வாரமும் வேண்டுமட்டும் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டிலும் வைத்த சர்க்கரை, கொழுப்பு, உப்பு ஒரே அளவுதான். ஆலை உணவு வைத்த நாட்களில் அவர்கள் தங்களை அறியாமலே தினமும் சுமார் 500 கலோரி அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் ஏறியது. வளர்ந்தவர்களுக்கே “போதும்” என்பது தாமதமாகக் கேட்கிறது என்றால், பள்ளி விட்டு வரும் பிள்ளையின் கையில் அந்தப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அளவாகச் சாப்பிடு என்பது எப்படி நியாயமாகும்? 250 மில்லி இனிப்புக் குளிர்பானத்தில் சுமார் 25 கிராம் சர்க்கரை இருக்கும். ஒரு பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் சேர்த்து அதற்குமேல் வேண்டாம் என்னும் அளவு அது.

வள்ளலாரிடம் வருகிறேன். பசிக்கு அவரைப்போலப் பகைவர் இந்த மண்ணில் எழுந்ததில்லை. பசித்தவர் படும் பாட்டை ஜீவகாருண்ய ஒழுக்கத்தில் அவர் வரிசைப்படுத்தும் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடிவதில்லை. ஆனால் அதே நூலில் ஓரிடத்தில் அவர், பசியும் கடவுள் கொடுத்த உதவிக் கருவி என்கிறார். பசி இல்லாவிட்டால் உயிர்கள் ஒன்றையொன்று எதிர்பார்க்க மாட்டா. எதிர்பார்க்காவிட்டால் இரக்கம் காட்ட இடமிருக்காது. இரக்கம் இல்லாத இடத்தில் கடவுளின் அருள் விளங்காது என்று அவர் காரணம் சொல்லிப் போகிறார். முன்பெல்லாம் இந்த இடத்தைப் படித்துக் கடந்துபோயிருக்கிறேன். இப்போது இங்கேதான் நிற்கிறேன். பட்டினி கொடுமை, அதை ஒழிக்க வேண்டும். ஆனால் வேளை வந்ததும் வருகிற பசி, சாப்பாடு காத்திருக்கிறது என்ற தைரியத்தோடு வருகிற பசி, ஒரு பிள்ளைக்கு வரம். அந்தப் பசிக்குத்தான் கேழ்வரகுக் கூழும் முருங்கைக்கீரையும் ருசிக்கும். எங்கள் கடலூர் மாவட்டத்தில் பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில், ஒரு சுளைக்காகப் பிள்ளைகள் காத்து நிற்பதைப் பார்க்க வேண்டும்.

இன்றைய பிள்ளைகளுக்கு இந்த வரம் கிடைப்பதில்லை. பேருந்தில் ஒரு பிஸ்கட், டியூஷனுக்கு முன் ஒரு பொட்டலம், முடிந்ததும் ஒரு குளிர்பானம், எட்டு மணிக்குச் சாப்பாடு. முன்பு போட்ட விறகு எரியுமுன்னே மேலும் மேலும் அடுக்கினால் அடுப்பு புகையுமே தவிர எரியாது; வயிற்றுத் தீயும் அப்படித்தான். அந்தப் பிள்ளை சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து மூஞ்சியைச் சுளித்தால், காய்கறி பிடிக்காத பிள்ளை என்று பெயர் வைத்துவிடுகிறோம். பசி என்ற கருவியைக் கையிலிருந்து பிடுங்கிவிட்டோம், அதனால் நல்ல சோற்றின் ருசியும் சேர்ந்து போய்விட்டது.

பசி திரும்பி வருவதற்கு ஒரே நேர்வழி விளையாட்டு. இதை உடற்பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஏனென்றால் நம் பக்தி மரபு விளையாட்டை அதைவிட உயர்ந்த இடத்தில் வைத்திருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையையே வைத்திருக்கிறோம். தெய்வத்தைக் குழந்தையாக்கி, அதன் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாகப் பாடுவது. குமரகுருபரர் 17ஆம் நூற்றாண்டில் மதுரை மீனாட்சிக்கும், வைத்தீசுவரன் கோயில் முத்துக்குமாரசாமிக்கும் பாடியவை புகழ்பெற்றவை. அந்தப் பருவங்களை விரல்விட்டு எண்ணிப் பாருங்கள். தரையில் கையூன்றி, ஒரு காலை மடக்கி ஆடுவது செங்கீரை. இரு கை தட்டுவது சப்பாணி. தத்தித் தத்தி நடந்து வருவது வருகை. நிலாவை விளையாடக் கூப்பிடுவது அம்புலி. பையன் என்றால் சிறுமியர் கட்டிய மணல்வீட்டைக் காலால் கலைப்பான், சிறுபறை கொட்டுவான், சிறுதேர் உருட்டுவான். பெண் என்றால் அம்மானைக்காய் வீசிப் பிடிப்பாள், நீராடுவாள், ஊஞ்சல் ஆடுவாள். பத்தில் பெரும்பாலானவை கையும் காலும் அசையும் பருவங்கள். சாப்பிடும் பருவம் என்று ஒன்று தனியாக இல்லை. நோய் தீர்க்கும் தெய்வம் என்று நாம் போய் நிற்கும் வைத்தீசுவரன் கோயிலில் இருக்கும் குழந்தையும் தேர் உருட்டி ஆடும் குழந்தைதான்.

ஆடுகிற குழந்தையில் தெய்வத்தைக் கண்ட ஒரு சமுதாயத்தில், குழந்தை ஆட இடமில்லை. எங்கள் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்தில் “இங்கே பந்து விளையாடக் கூடாது” என்று பலகை தொங்குகிறது. பூங்காவில் புல்லை மிதிக்கக் கூடாது. தெருவில் வண்டிகள். பள்ளியில் விளையாட்டுப் பாடவேளையைப் பரீட்சை நெருங்கினால் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. ஐந்து முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. எங்கள் ஊரில் யாரும் மணிபார்த்து ஆடியதில்லை. நொண்டியும் கிட்டிப்புள்ளும் பச்சைக்குதிரையும் சடுகுடுவும், அம்மா கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறளும்வரை நடக்கும்.

சாயங்காலம் பேரனைக் கீழே கூட்டிப்போகிறேன். முதலில் அவன் மட்டும் வந்தான். இப்போது நாலைந்து பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கல்லா மண்ணா சொல்லிக்கொடுத்தேன். படிக்கட்டு கல், தரை மண். ஓடத் தெரியாத பிள்ளை என்று ஒன்றும் கிடையாது, ஓடவிடாத பெரியவர்கள்தான் உண்டு. குடியிருப்புச் சங்கச் செயலாளரிடம் போய், மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் அந்தப் பலகையைக் கழற்றி வைக்கக் கேட்டேன். பேசி முடிவெடுப்போம் என்றார். திரும்பத் திரும்பக் கேட்பேன். இதுவும் ஒரு தானம் கேட்பதுதான். விளையாடிவிட்டு வியர்வையோடு மேலே வரும் பிள்ளை “என்ன சாப்பாடு?” என்று கேட்கும் குரலில் ஒரு ஆனந்தம் இருக்கிறது. அந்தப் பசிக்கு முன்னால் அவரைக்காய்ப் பொரியல் தோற்பதில்லை.

இனிப்பே கூடாதா என்று கேட்பார்கள். இனிப்பை நம் சமயம் ஒதுக்கவில்லை, அதற்கு ஓர் இடம் ஒதுக்கியது. சர்க்கரைப் பொங்கல் கோயிலில் தொன்னையளவு கிடைக்கும். கொழுக்கட்டை சதுர்த்திக்கு, அதிரசம் தீபாவளிக்கு. முதலில் சாமிக்குக் காட்டிவிட்டு, பிறகு அக்கம்பக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிடுவது. காத்திருப்பதும் பகிர்வதும் அந்த இனிப்புக்குள்ளேயே கலந்திருந்தன. தினமும் அதிரசம் கிடைக்கிற பிள்ளைக்குத் தீபாவளி ஏது? பத்து ரூபாய்க்குத் தினமும் கிடைக்கும் இனிப்பு, பிள்ளையின் உடம்போடு சேர்த்துப் பண்டிகையையும் கெடுத்துவிடுகிறது.

இவ்வளவு சொல்லிவிட்டு, மிக முக்கியமான ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் படித்ததெல்லாம் வீண். எடை கூடிய பிள்ளையை ‘குண்டு’ என்று கூப்பிடுவது பாவம். வேறு மெல்லிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை. கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் கன்னத்தைக் கிள்ளிச் சொல்வார்கள். வகுப்பில் பிள்ளைகள் பட்டப்பெயராக்குவார்கள். திருமூலர், முன்பு உடம்பை இழிவென்று நினைத்திருந்ததாகவும், அதற்குள் இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகவும் பாடுகிறார். உள்ளே இருப்பவன் மெலிந்த உடம்பில் மட்டும் குடியிருப்பேன் என்று சொன்னதாக எங்கும் இல்லை. பருத்த பிள்ளையின் உடம்பும் கோயில். கோயிலைக் கேலி செய்கிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்? அவமானத்தால் எந்தப் பிள்ளையும் இளைத்ததாக நான் பார்க்கவில்லை. ஒளிந்து சாப்பிடுவதையும், விளையாடும் இடத்துக்கு வரக் கூசுவதையும்தான் பார்த்திருக்கிறேன்.

பிள்ளைக்குப் பட்டினி போடுவதும் கூடாது. வளர்கிற உடம்புக்குச் சோறும் பருப்பும் முட்டையும் பாலும் வேண்டும். சில பிள்ளைகளுக்கு உடல்வாகு பரம்பரையாக வரும். சிலருக்குச் சுரப்பிக் கோளாறோ மருந்தின் விளைவோ காரணமாக இருக்கும். அதையெல்லாம் மருத்துவர்தான் பார்க்க வேண்டும். வீட்டில் செய்யவேண்டியது, எல்லோரும் ஒரே சாப்பாட்டைச் சாப்பிடுவது. பேரனுக்கு மட்டும் சுண்டல், மற்றவர்களுக்கு வறுவல் என்று வைத்தால் அது தண்டனை. வீடு முழுவதும் சுண்டல் சாப்பிட்டால் அது குடும்பம். நேரத்தோடு தூங்கவைப்பதும் இதில் சேரும். இரவு பதினொரு மணிவரை விழித்திருக்கும் பிள்ளை மறுநாள் ஓடாது, நொறுக்குத்தீனியைத்தான் தேடும்.

தாயைக் குற்றம் சொல்கிறவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். என் மகள் இருட்டும்போதுதான் வேலையிலிருந்து வருகிறாள். பிள்ளை தனியாகக் கீழே இறங்கினால் வண்டி, வெளியே போனால் பயம். கடையில் ஒரு ஆப்பிளின் விலைக்கு மூன்று பொட்டலம் கிடைக்கும். இந்த நெருக்கடியை ஒரு பெண்ணின் சோம்பல் என்று சுருக்கினால் அறம் தன் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறது. பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டர் தூரத்துக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டங்களை விற்கக் கூடாது என்று 2020இலேயே மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி செய்திருக்கிறது. எந்தப் பள்ளி வாசலிலாவது நின்று பாருங்கள், அந்த விதி எவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறது என்று தெரியும். விதியை நடக்கவைப்பது அரசின் கடமை. கேட்பது நம் கடமை. குழந்தை தன் “போதும்”ஐச் சொல்லச் சத்தில்லாத இடங்களில் ஊர் அதற்காகச் சொல்ல வேண்டும்.

ஆகவே நான் தொடங்கிய கேள்விக்கு இப்போது எனக்குப் பதில் உண்டு. குழந்தையின் தட்டைப் பார்த்து நான் “போதும்” என்று சொல்ல வேண்டியதில்லை. அதைச் சொல்ல வேண்டியது குழந்தை. நான் செய்ய வேண்டியது மூன்று. அது பசிக்கும்படி ஆட இடம் கொடுப்பது. பசித்தபோது நல்ல சோறு வைப்பது. அது கை மறித்தால் கரண்டியை நிறுத்துவது. இந்த மூன்றில் எதை விட்டாலும் அன்னதானம் குறைப்பட்டுப் போகும்.

கோயில் அன்னதானக் குழுக்களுக்கும், சன்மார்க்க சங்கத்து அன்பர்களுக்கும், குடியிருப்புச் சங்கங்களுக்கும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. பந்தி போடும் நாளில் பந்திக்கு முன் ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு விளையாட்டு வையுங்கள். வெளிப்பிராகாரமோ மைதானமோ மொட்டைமாடியோ, சாமி எங்கும் இருக்கிறார். பிள்ளைகளின் இலையில் முதலில் கொஞ்சமாக வையுங்கள், கேட்டால் மறுபடி வையுங்கள். குளிர்பானத்துக்குப் பதில் மோரும் கொய்யாவும் கொடுங்கள். நூறு பிள்ளைகளுக்குச் சோறு போடத் தெரிந்த நமக்கு இது பெரிய காரியம் இல்லை. பசித்த பிள்ளையைத் தேடிப்போய்ச் சோறு போடக் கற்ற ஊர், ஆட இடமில்லாத பிள்ளையைத் தேடிப்போய் இடம் கொடுக்கவும் கற்க முடியும். அதுவும் ஜீவகாருண்யம்தான் என்று முழு மனத்தோடு நம்புகிறேன்.